'வரும்' என்று சொன்னவர்

சித்தேரி மலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் "தெரியலைங்க மேடம்." நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஜீப் ஊருக்குள் நுழையும்போது ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். "ஏய், தெரியலைங்க மேடம் வந்துட்டாங்க, வாங்க." அது அவர் காதிலும் விழும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "புளுகுணின்னு வெக்காம வுட்டாங்களே அண்ணா, அதுவே பெருசு" என்று சிரித்துக்கொண்டே இறங்குவார்.

அந்த ஜீப்பை ஓட்டியவன் நான். ஊர் அரூர். ஒரு தொண்டு நிறுவனம் வண்டியோடு என்னையும் மாத வாடகைக்கு எடுத்திருந்தது. மலை ஊர்களில் சில குடும்பங்களுக்கு அரிவாள் செல் நோய் உண்டு. வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து நாளங்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் வலி உயிர் போகும். அந்த நோயை மரபணுவிலேயே திருத்திக் குணப்படுத்தும் சிகிச்சை வெளிநாட்டில் வந்துவிட்டது, நம் நாட்டிலும் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று மக்களிடம் விளக்க வேண்டும். விளக்கிவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு மேலே எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் அந்தத் திட்டம். விளக்குகிற வேலை அவருடையது.

அவருக்கு மலை ஏறினால் வாந்தி வரும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவருக்குப் பாலக்கோடு பக்கத்துக் கிராமம். அப்பா தக்காளி விவசாயி. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். வண்டி பள்ளத்தில் இறங்கினால் "அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிடுவது அவர் வாயிலிருந்து தானாக வரும். மேலே போய் இறங்கி, முகம் கழுவி, மைக்கைக் கையில் பிடித்துவிட்டால் வேறு ஆள்.

அலுவலகத்தில் ஒரு படம் கொடுத்திருந்தார்கள். முறுக்கிய ஏணி ஒன்றை ஒரு கத்திரிக்கோல் வெட்டுவது போல. முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் எழுந்து, "கத்திரி உள்ள போயி கொடலக் கிடலக் குத்திடாதுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே படத்தைச் சுருட்டி வண்டியின் பின்னால் போட்டவர் மறுபடி எடுக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் 'ஆட்டுக்குத் தழை போடு' என்று எழுதினார். பிறகு ஒரே ஓர் எழுத்தை அழித்து மாற்றினார். 'ஆட்டுக்குத் தலை போடு.'

"இதப் படிச்சுட்டுப் போறவன் என்ன பண்ணுவான்?"

"தலயத் தேடிட்டுத் திரிவான்" என்றாள் ஒருத்தி.

"ஆடு?"

"பட்டினிதான்."

"அவ்வளவுதாங்க இந்த நோயி. நம்ம ஒடம்புல ஒவ்வொரு அணுவுலயும் ரத்தம் எப்படிச் செய்யணும்னு எழுதியிருக்கு. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டு பிரதி. ரெண்டுலயும் அந்த ஓர் எழுத்து தப்பா இருந்தா நோயி. அந்த எழுத்தால வர்ற கேட்டைத் திருத்தறதுக்குத்தான் இந்தப் புது வைத்தியம்."

கூட்டம் அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எந்த ஊரிலும் அது தப்பியதில்லை.

"அது நமக்கு எப்பங்க வரும்?"

அவர் மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோவார். மற்றதையெல்லாம் சாதாரணமாகச் சொல்கிறவர் இதை மட்டும் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். "தெரியலைங்க. இப்போதைக்கு ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சு பாக்கறாங்க. நமக்கு வருமா, எப்ப வரும்னு எனக்குத் தெரியலைங்க."

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சிலர் என்னிடம் வந்து தனியாகக் கேட்பார்கள். நான் வாய்க்கு வந்தபடி, "வந்துடும் வந்துடும், கவலப்படாதீங்க" என்பேன். ஒருமுறை மேடம் அதைக் கேட்டுவிட்டார். வண்டியில் ஏறியதும் கேட்டார்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமா வரும்னு?"

"இல்லீங்க மேடம், சும்மா ஒரு தைரியத்துக்கு..."

"எங்கண்ணனுக்கும் அப்படித்தான் ஒருத்தர் தைரியம் சொன்னாரு. அவனுக்கும் ரத்தத்துல கோளாறு, வேற நோயி. ஆஸ்பத்திரியில கெடந்தான். பயப்பட ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு சொன்னாங்க. எங்கப்பா அதை நம்பிட்டு, பறிச்ச தக்காளி அழுகிடுமேன்னு மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் எங்க வூட்ல அப்பா யாரு முகத்தையும் நேரா பாத்துப் பேசினதில்ல அண்ணா." எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அவங்க தாங்குவாங்க."

அதற்குப் பிறகு நான் அப்படிச் சொன்னதில்லை.

மலையின் உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் பவித்ரா என்று ஒரு பெண் இருந்தாள். பத்தாவது முடித்திருந்தாள். அரிவாள் செல் நோய் முழுமையாக உள்ள பிள்ளை. அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வருவார். பவித்ராவின் அம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவார். "தெரியலைங்க" என்று மேடம் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் தாடை இறுகும்.

ஒரு தடவை நகரத்திலிருந்து பெரிய அதிகாரிகள் சிலர் வந்தார்கள். ஊர்க்காரர்களிடம் ஆளுக்குப் பச்சை அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று. மனித மரபணுவைத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் பச்சையைத் தூக்க வேண்டும், கூடாது என்பவர்கள் சிவப்பை. பவித்ராவின் அம்மா இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேணுமா வேணாமான்னு கேக்கறீங்களே. வேணும்னா குடுப்பீங்களா?"

வந்தவர்களில் ஒருவர், உங்கள் கருத்து மிகவும் முக்கியம், பதிவு செய்துகொள்கிறோம் என்றார். அந்த அம்மா மேடத்தைப் பார்த்தார். எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் மைக்கை வாங்கி, "அதுவும் தெரியலைங்க" என்றார். அந்த அம்மா அட்டைகளைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மழை முடிந்து குளிர் இறங்கிய ஒரு காலை. நாங்கள் அந்த ஊருக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. பவித்ராவுக்கு வலி வந்திருந்தது. கால் எலும்பு, இடுப்பு, நெஞ்சு எல்லாம். அந்த அம்மா துணியைச் சூடுகாட்டி ஒற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளையைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டோம். அவள் தலை மேடத்தின் மடியில், கால் அம்மாவின் மடியில். ஒவ்வொரு வளைவிலும் அவள் கத்தினாள். நான் பிரேக்கை மிதிக்கவே பயந்தேன். அன்றைக்கு மேடத்துக்கு வாந்தி வரவில்லை. எலுமிச்சம்பழத்தை யாரும் நினைக்கவும் இல்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். கத்தல் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது.

"மேடம், அந்த மருந்து வருமா?"

அவர் பவித்ராவின் நெற்றியைத் துடைத்தார்.

"எனக்கு முடியல மேடம். வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வுட்டுடறேன்."

அந்த அம்மா, "பாப்பா, பாப்பா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"வரும்" என்றார் மேடம்.

"எனக்கா?"

"உனக்குத்தான். உனக்கு வரும். முழிச்சிட்டிரு. என்னயப் பாரு. வரும்."

பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அரூர் வந்து சேரும்வரை விடவில்லை.

பிழைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் வைத்து, ரத்தம் ஏற்றி, மத்தியானத்துக்கு மேல் கண் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி அப்படியே கீழே வைத்தார்.

"நான் சொன்னதக் கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டேங்க."

"அது பொய்யா நெசமான்னு இன்னும் முடிவாகல." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "பொய்யாகாமப் பாத்துக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லீவு கிடைத்த சனிக்கிழமைகளில் மொரப்பூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன். சென்னை, பெங்களூர் என்று அந்தச் சோதனை நடக்கும் இடமெல்லாம் தேடிப் போனார். பாதி இடத்தில் உள்ளேயே விடவில்லை. ஒரு பெரிய டாக்டர் மட்டும் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னாராம். இப்போதைக்குப் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதிலும் உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான். எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டுத்தான் திருத்திய அணுக்களை ஏற்றுவார்கள். அது சின்ன விஷயமில்லை. முதலில் அந்தப் பெண் பதினெட்டு வரைக்கும் நன்றாக இருக்கட்டும், பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

"பாக்கலாம்னாரு அண்ணா" என்று மொரப்பூரில் இறங்கியதும் சொன்னார். கண் சிவந்திருந்தது. "பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தமில்லதானே?"

"தெரியலைங்க மேடம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு, தினமும் காலையில் பவித்ராவுக்குப் போன். நான் வண்டி எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார். மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியா, ஸ்வெட்டர் போட்டியா, ஓடாத, நனையாத. டவர் கிடைக்காத நாளில் வேலையே ஓடாது. பதினொன்றாவது சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஆனால் அந்தச் சொல் ஜீப்போடு நின்றுவிடவில்லை. பவித்ராவின் அம்மா மலை முழுக்கச் சொல்லிவிட்டார். "மேடமே சொல்லிட்டாங்க, வரும்னு." வேறு யார் சொல்லியிருந்தாலும் மலைக்காரர்கள் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எப்போதும் தெரியலைங்க, தெரியலைங்க என்றவரே சொல்லிவிட்டார் என்றதும் அது உறுதியாகிவிட்டது. ஒரு ஊரில் ஒரு தாய் மகனுக்கு வலி வராமல் காக்கிற தினசரி மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதான் ஒரே ஊசியில் சரியாகப்போகிறதே, எதற்கு இந்த மாத்திரை என்று. இன்னோர் ஊரில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. இரண்டு பேருக்கும் ஒரு பிரதியில் தப்பு உண்டு என்று மேடம் ஏற்கெனவே ரத்தம் பார்த்துச் சொல்லியிருந்தார். கர்ப்பமானதும் வந்து சொல்லுங்கள், குழந்தைக்கு இருக்கிறதா என்று வயிற்றிலேயே பார்க்கலாம், அப்புறம் என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணலாம் என்று பேசி வைத்திருந்தார். அந்தப் பெண் ஆறாம் மாதத்தில்தான் சொன்னாள், பார்க்க வேண்டிய காலம் தாண்டிய பிறகு.

"ஏம்மா முன்னாடியே வரல?"

"அதான் மருந்து வருதுன்னீங்களே மேடம்" என்றான் அவள் புருஷன், சிரித்த முகத்தோடு. "அப்புறம் எதுக்கு ஊசி போட்டுப் பாத்துக்கிட்டுன்னு வுட்டுட்டோம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போனார். திட்டத்தில் இல்லாத ஊருக்கெல்லாம் போகச் சொன்னார். மைக் கூடக் கிடையாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குவார். "நான் வரும்னு சொன்னதாச் சொல்றாங்க இல்லைங்களா, அது தப்புங்க. ஒரு புள்ள வலி தாங்காமக் கெடந்துச்சு, வாய்ல வந்துருச்சு. வருமான்னு எனக்குத் தெரியாது. மாத்திரய நிறுத்தாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவர்கள் நம்பவில்லை. ஒரு ஆயா அவர் கன்னத்தைத் தடவி, "ஆபீசுல எதாச்சும் மெரட்டுனாங்களா கண்ணு? நீ பயப்புடாத. நாங்க யாருகிட்டயும் சொல்லிக்க மாட்டோம்" என்றாள். அவரை ஆறுதல்படுத்தி அனுப்பினார்கள்.

பவித்ராவின் அம்மா மட்டும் வழிமறித்தார்.

"ஊரெல்லாம் இல்ல இல்லன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே. எம் பொண்ணுகிட்ட வந்து சொல்லுவீங்களா அதை? வாங்க, வூட்லதான் இருக்கா. வந்து அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மேடம் அந்த வீட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தார். பவித்ரா வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் கையை ஆட்டினாள். "மேடம்! இன்னிக்கு மாத்திர போட்டுட்டேன்!" இவரும் கையை ஆட்டினார். திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். மலை முழுக்கத் "தெரியாது" என்று சொல்லிக்கொண்டும், தினமும் காலையில் போனில் ஒரே ஒரு பெண்ணிடம் "வரும்" என்று சொல்லிக்கொண்டும் நாட்கள் போயின. ஆள் இளைத்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

ஒருநாள் பவித்ராவை மட்டும் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். மேடம் கூட்டத்தில் இருந்தார். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டு வந்தாள். திடீரென்று, "அண்ணா, அந்த வைத்தியம் எனக்குக் கெடைக்காது. தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"யாரு சொன்னது?"

"எல்லாம் போன்ல படிச்சேன். என் இடுப்பெலும்பு கெட்டுப்போச்சு, நுரையீரலும் சரியில்ல. என்னய எடுக்க மாட்டாங்க."

"மேடம்கிட்ட கேட்டியா?"

"அய்யோ, வேணாண்ணா. காலையில போன் பண்றப்ப மேடம் கொரலு ஒரு மாதிரி இருக்கும். நான் மாத்திர போட்டுட்டேன்னு சொன்னதும்தான் தெளியும். அதுக்காகத்தான் போடறேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வந்துடும் இல்ல மேடம்னு கடைசில கேப்பேன். கேக்கலன்னா அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும்."

அடுத்த மழையில் அவள் போய்விட்டாள். இந்தத் தடவை நெஞ்சிலேயே ஆரம்பித்தது. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சரிவுக்குக் கீழ்ப்பக்கம் நானும் மேடமும் வண்டியோடு காத்திருந்தோம். தூக்கி வந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. பதினெட்டு நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அடக்கத்துக்குப் போனோம். பவித்ராவின் அம்மா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மேடமும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். போய் எதிரில் நின்றார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்ணைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலை இறங்கும்போது மேடத்திடம், பவித்ரா அன்று என்னிடம் பேசியதைச் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல்தான் சொன்னேன். வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓரத்துக் கட்டைச்சுவரில் போய் உட்கார்ந்தார்.

"தெனமும் கேப்பாளே அண்ணா. வந்துடும் இல்ல மேடம்னு. தெனமும்." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். "எனக்காகவா கேட்டா?"

வேலையை விட்டுவிடுவார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. கூட்டங்களில் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதற்கு வேறொரு பையனைப் போட்டார்கள். நன்றாகப் பேசினான். அந்தக் கத்திரிக்கோல் படத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டான். "கூடிய சீக்கிரம் நம்ம மாவட்டத்துக்கே" என்று முடிப்பான், கைதட்டுவார்கள். அந்த நேரத்தில் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஆறாம் மாதத்தில் சொன்ன அந்த ஜோடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று, நானே போய்ச் சொல்கிறேன் என்று அவர் கிளம்பினார். வளைவுகளில் இரண்டு தடவை இறங்கி வாந்தி எடுத்தார்.

வீட்டுக்குள் அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் சொன்னார். "புள்ளைக்கு இருக்கும்மா. ரெண்டு பிரதியிலயும் இருக்கு."

அவள் அழவில்லை. குழந்தையின் முகத்தைத் துடைத்தாள், துடைக்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"கையக் குடு" என்று அவள் வலது கையை எடுத்து, குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே வைத்து, மேலே தன் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். "இங்க மண்ணீரல் இருக்கு. தெனமும் காலையில இப்படித் தொட்டுப் பாக்கணும். இப்ப மெத்துனு இருக்கு பாரு. என்னிக்காவது இங்க கட்டியா, பெருசாத் தட்டுப்பட்டு, புள்ள வெளுத்துப் போயிருந்தா, பொழுது விடியட்டும், அவரு வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. அப்பவே கீழ எறக்கிடணும். டிரைவர் அண்ணா நம்பர் குடுத்துட்டுப் போறேன்."

அவள் புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மேடம், இவன் பெருசாகறதுக்குள்ள வந்துடும் இல்லீங்க?"

அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள். நான் வாசலில் செருப்போடு நின்றேன். அவர் பதில் சொல்வார் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அவர் உதடு அசைந்தது. சொல் எதுவும் வரவில்லை.

குழந்தை காலை உதைத்துக்கொண்டது. அவர் அந்தப் பெண்ணின் கையை மறுபடி எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

"நான் கைய எடுத்துக்கறேன். இப்ப நீயா அழுத்திப் பாரு. தெரியுதா?"